இரண்டாவது ஸ்டிக் ஸ்டெப்னி அல்ல

உரிமையாளரே இரண்டாவது ஸ்டிக்கைப் (விமானி கையில் பிடித்து ஓட்டும் கட்டுப்பாட்டுக் குச்சி) பொருத்திக்கொண்டு என்னிடம் வந்ததில், இந்த வருடம் இது மூன்றாவது விமானம். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை கொண்ட அல்ட்ராலைட், அதாவது மிக இலேசான சிறு விமானம். தயாரிப்பாளர் முன் இருக்கைக்கு மட்டும்தான் ஸ்டிக்கும் பெடலும் கொடுத்திருந்தார். தம்பியை முன்னால் உட்காரவைத்துத் தானே பின்னால் இருந்து பழக்க வேண்டும் என்று உரிமையாளருக்கு ஆசை. பின் இருக்கையிலும் ஒரு ஸ்டிக்கைப் பொருத்தி, வருடாந்தரப் பரிசோதனைக்கு என்னிடம் கொண்டுவந்தார்.

"சார், எதையும் மாத்தலை. கூட ஒரு ஸ்டிக் வச்சிருக்கேன், அவ்வளவுதான். அவன் தப்பு பண்ணா நான் பிடிச்சுக்கலாம்ல? பாதுகாப்புதானே சார்?"

இருக்கையின் அடித்தட்டைக் கழற்றினேன். முன் ஸ்டிக்கிலிருந்து எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) அசைவைக் கொண்டுபோகும் புஷ் ராடை நடுவில் அறுத்து, அந்த இடத்தில் பின் ஸ்டிக்கைச் சொருகியிருந்தார். புதிதாக இரண்டு மூட்டுகள். இரண்டிலும் நைலாக் நட், உள்ளே இருக்கும் நைலான் வளையத்தின் பிடியில் நிற்கும் நட். ஒன்றை விரலால் திருகிப் பார்த்தேன். ஸ்பேனர் இல்லாமலே திரும்பியது.

'கூட ஒன்று வைத்தேன், ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்' என்கிற இந்த எண்ணத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பில்லை. ஸ்டெப்னியில் காற்றே இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஸ்டிக் அப்படியல்ல. விமானத்தில் எலிவேட்டர் ஒன்றுதான், அதற்குப் போகும் வழியும் ஒன்றுதான். இரண்டு ஸ்டிக்கும் அந்த ஒரே வழியில்தான் தொங்குகின்றன. பின் ஸ்டிக்கின் போல்ட் கழன்றால், இவர் செய்திருந்த அமைப்பில், முன்னால் இருப்பவர் கையில் மிஞ்சுவது எதையும் அசைக்காத ஒரு குச்சி. அறுக்காமல் பக்கவாட்டில் இணைத்திருந்தால்? அப்போதும் பின் ஸ்டிக் எங்காவது மாட்டிக்கொண்டால் முன் ஸ்டிக்கும் சேர்ந்து நிற்கும். ஒரு பைக்கட்டு, ஒரு கேமரா வார், காலி இருக்கையில் கட்டாமல் விட்ட சீட் பெல்ட், இதில் ஏதாவது ஒன்று போதும். சேர்க்கும் ஒவ்வொரு மூட்டும் கோளாறு வருவதற்கு இன்னொரு இடம். பழகுபவர் தவறு செய்தால் பிடித்துக்கொள்ள முடியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நன்மை, இணைப்பு அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால் மட்டுமே கிடைக்கும்.

தாங்குமா என்று அவரிடமே காட்டினேன். அவரை முன்னால் உட்காரவைத்து, "ஸ்டிக்கை முன்னால தள்ளிப் பிடிங்க, என்ன ஆனாலும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து இழுத்தேன். இரண்டு ஸ்டிக்குக்கும் இடையே போட்டிருந்த மெல்லிய அலுமினியக் குழாய் வில்லாக வளைந்தது. நான் முழு பலத்தையும் கொடுக்கவில்லை. பயத்தில் உறைந்துபோன பழகுநர் ஸ்டிக்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். பயிற்றுநர் உயிரைக் கொடுத்து எதிர்த்திசையில் இழுப்பார். அந்தச் சண்டை முழுவதும் இந்தக் குழாய்க்குள்தான் நடக்கும். அதனால்தான் சிறு விமானங்களுக்கான வடிவமைப்பு விதிகள் இரட்டைக் கட்டுப்பாட்டுக்குத் தனிக் கணக்கு கேட்கின்றன: ஒரு விமானிக்கென்று கணக்கிடும் விசையில் குறைந்தது 75 சதவீதத்தை இருவருமே ஒரே நேரத்தில் கொடுத்தாலும், சேர்ந்து தள்ளினாலும் எதிரெதிராக இழுத்தாலும், அமைப்பு தாங்க வேண்டும். இன்னொன்று, அதே குழாயின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், வளையாமல் அது தாங்கும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். கையில் தட்டிப் பார்த்து 'ஸ்ட்ராங்கா இருக்கு' என்று சொல்லும் விஷயமே இல்லை இது.

அடுத்து, அசைவு. எலிவேட்டர் மேல்நோக்கி 25 டிகிரி போக வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் தாள். அளந்தால் 17. பின் ஸ்டிக் இருக்கை மெத்தையின் விளிம்பில் இடித்து நின்றுகொண்டிருந்தது. அவரைப் பின்னால் உட்காரவைத்துப் பெல்ட்டும் போட்டு அளந்தபோது இன்னும் குறைந்தது. தரையைத் தொடும் கடைசி நொடியில் மூக்கைத் தூக்க இழுப்பார், ஸ்டிக் வராது. ஆளில்லாத இருக்கையில் அளந்து திருப்திப்படாதீர்கள், தயவுசெய்து. பருமனான ஒருவரைத் தடித்த ஜாக்கெட்டோடு உட்காரவைத்து, இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், ஓர மூலைகள் வரை ஆட்டிப் பாருங்கள்.

நைலாக் நட் பற்றி எத்தனை தடவை சொல்வது? சுழலும் மூட்டில் அது கூடாது. துளையிட்ட போல்ட், தலையில் வெட்டுகள் உள்ள காசில் நட், இரண்டையும் ஊடுருவிப் பூட்டும் ஸ்பிளிட் பின். கழற்றிய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். இடமிருந்தால் போல்ட்டின் தலை மேலேயோ முன்பக்கமோ இருக்கட்டும்; நட் விழுந்தாலும் போல்ட் உடனே நழுவாது. ராட் எண்டுக்கு (ராடின் முனையில் இருக்கும் பந்து மூட்டு) வெளியே அகலமான வாஷர் போடுங்கள், உள்ளே இருக்கும் பந்து பிதுங்கினாலும் ராட் கழன்று போகாது. கேபிளை இறுக்கும் டர்ன்பக்கிளுக்கு, அது தானாகத் திரும்பாமல் இருக்க, லாக் வயர்.

எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்பு) கேபிளைத் தொட்டிருந்தால் திசையைப் பாருங்கள். ஸ்டிக்கைப் பிடித்துக் கட்டைவிரலை மேலே நிமிர்த்துங்கள். ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும், கட்டைவிரல் காட்டும் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். இரண்டு ஸ்டிக்கிலும் தனித்தனியாகப் பாருங்கள். 'இதுகூடவா தெரியாது' என்று சிரிப்பவர்களுக்குச் சொல்கிறேன். 1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் ஆவ்ரோ டியூடர் விமானம் ஒன்று கிளம்பியதும் விழுந்து நொறுங்கியது. எய்லரான் இணைப்பு தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. இறந்தவர்களில் ராய் சாட்விக்கும் ஒருவர், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர். 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஒரு எம்பிரேயர் ஜெட்டிலும் இதே தவறு. விமானிகள் போராடி பெஜா விமானத் தளத்தில் இறக்கினார்கள். வேலை செய்த கண்ணுக்குத் தன் தவறு தெரியாது. எங்கள் தொழிலில் கட்டுப்பாட்டு அமைப்பைத் தொட்டால் இரண்டாவது ஆள் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருப்பது அதற்காகத்தான்.

ஸ்டிக் மட்டும் வைத்துவிட்டு த்ராட்டிலும் இக்னிஷன் சுவிட்ச்சும் எட்டாத இடத்தில் உட்கார்ந்து யாருக்கும் கற்றுத்தர முடியாது. வேலை முடிந்ததும் விமானத்தை மறுபடி எடை போட்டு, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடுங்கள். ஒற்றை இருக்கை விமானத்தில் இரண்டாவது இருக்கையே சேர்க்கிறவர்களுக்கு: அமெரிக்காவின் பாகம் 103 விதியில் அல்ட்ராலைட் என்றாலே ஒருவர் மட்டும் பறப்பது, இன்ஜின் உள்ளதென்றால் வெற்று எடை 254 பவுண்டுக்குக் கீழ். இரண்டாவது ஆளை ஏற்றினால் அந்த வகையிலிருந்தே வெளியே வந்துவிடுகிறீர்கள். உங்கள் நாட்டு விதியைத் துளை போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. முதலில் கோபப்பட்டார். வளைந்த குழாயைக் கையில் கொடுத்தேன், ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது தயாரிப்பாளருக்கு எழுதி, அங்கீகரித்த இரட்டைக் கட்டுப்பாட்டு கிட் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். வந்தால் மாட்டும்போது நானும் கூட இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை பின் ஸ்டிக் ஹாங்கர் அலமாரியில் இருக்கும். அறுத்த ராடுக்குப் பதிலாகப் புதிய முழு ராடுக்கு நேற்றுதான் ஆர்டர் போட்டோம்.