சட்டத்தைத் தேடும்போது: ஒரு கவுன்டி சட்ட நூலகத்தின் தகவல் மேசையிலிருந்து

2024ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலை, கலிஃபோர்னியாவில் நான் பணிபுரியும் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) சட்ட நூலகத்தின் தகவல் மேசைக்கு ஓர் இளம் தம்பதியர் வந்தனர். குடியேறி மூன்று வாரமே ஆன வாடகை வீட்டுக்கு இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்குவது சட்டவிரோதம் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி கைப்பேசியில் இருந்தது. என் பெயர்ப் பட்டையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிய அந்தப் பெண், "அக்கா, இதுக்கு நாங்க கேஸ் போடலாந்தானே?" என்று கேட்டார்.

நான் வழக்கறிஞர் அல்லேன், நூலகர். ஒரு சட்டம் எங்கே இருக்கிறது, அதன் இன்றைய வடிவம் எது, அதை விளக்கும் நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டுவது என் வேலை. அந்தச் சட்டம் உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்று சொல்வது வழக்கறிஞரின் வேலை. ஆகவே அவர்களைக் கணினி முன் உட்கார வைத்து, கலிஃபோர்னியா சட்டமன்றம் நடத்தும் 'லெஜ்இன்ஃபோ' தளத்தில் சிவில் சட்டத் தொகுப்பின் 1950.5ஆம் பிரிவைத் திறந்து கொடுத்தேன். மாநிலத்தின் 29 சட்டத் தொகுப்புகளும் கணக்கு எதுவும் தொடங்காமல், காசு கொடுக்காமல் படிக்கும்படி அந்தத் தளத்தில் உள்ளன.

வாட்ஸ்அப் செய்தி பொய்யில்லை. முன்பு சாமான்கள் இல்லாத வீட்டுக்கு இரண்டு மாத வாடகையும் சாமான்களோடு கூடிய வீட்டுக்கு மூன்று மாத வாடகையும் உச்சவரம்பாக இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அது ஒரு மாத வாடகையாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பிரிவு அத்தோடு முடியவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே, வீட்டு உரிமையாளர் தனிநபராக இருந்து, மொத்தம் நான்கு குடியிருப்புகளுக்கு மிகாத இரண்டு வாடகைச் சொத்துகள் வரை மட்டுமே வைத்திருந்தால், அவர் இரண்டு மாத வாடகை வரை வாங்கலாம் என்ற விலக்கு இருக்கிறது. வாடகைக்கு வருபவர் இராணுவப் பணியில் இருப்பவரானால் அந்த விலக்கு செல்லாது. அந்தப் பெண் திரையில் விரலை வைத்து அதை இரண்டு முறை படித்தார். அவர்களுடைய வீட்டுக்காரர் அந்த ஒரே வீட்டை வாடகைக்கு விட்டிருந்த தனிநபர் என்பதைக் கணவர்தான் மெதுவாகச் சொன்னார். ஒரு பிரிவின் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு வழக்குப் பதிவுக் கட்டணத்தைச் செலுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் கட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள்.

தேடத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது யாருடைய சட்டம்? அமெரிக்காவில் வாடகை, திருமண முறிவு, சொத்துரிமை, பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆகியவை மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. குடியுரிமை, விசா, திவால், காப்புரிமை ஆகியவை கூட்டாட்சிச் சட்டத்துக்கு உட்பட்டவை. இவ்விரண்டுக்கும் கீழே நகரச் சட்டம் என்று ஓர் அடுக்கு இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டெபாசிட்டுக்கு வட்டி தர வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் சொல்லவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ நகரச் சட்டம் சொல்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகன் தன் அனுபவத்தை வைத்துச் சொல்லும் அறிவுரை, எவ்வளவு அன்போடு சொல்லப்பட்டாலும், கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள வீட்டுக்குச் சட்டமாகிவிடாது.

அடுத்த கேள்வி, இது எந்தத் தேதியின் சட்டம் என்பது. லெஜ்இன்ஃபோ தளத்தில் ஒவ்வொரு பிரிவின் அடியிலும், அது கடைசியாக எந்த ஆண்டின் எந்தச் சட்டத்தால் திருத்தப்பட்டது, எப்போது நடைமுறைக்கு வருகிறது என்ற சிறு குறிப்பு அடைப்புக்குறிக்குள் இருக்கும். சில சமயம் ஒரே எண்ணில் இரண்டு வடிவங்கள் அடுத்தடுத்து நிற்கும்: ஒன்று குறிப்பிட்ட நாளோடு காலாவதியாவது, மற்றொன்று அந்த நாளில் உயிர்பெறுவது. அந்தக் குறிப்பைப் படிக்காமல் மேலே இருப்பதை அச்செடுத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். இதில் நான் யாரையும் குறை சொல்லத் தகுதியற்றவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதியவர் ஒருவருக்குத் தடித்த சட்டத் தொகுதி ஒன்றை எடுத்துக் கொடுத்துப் பக்கத்தை நகலெடுக்கவும் உதவினேன். அந்த வகை நூல்களின் பின்னட்டை உட்புறத்தில் ஓர் உறை இருக்கும். அந்த ஆண்டுவரை வந்த திருத்தங்களை ஒரு மெல்லிய கையேடாக அச்சிட்டு அதில் செருகி வைப்பார்கள். அதை நான் திறந்தே பார்க்கவில்லை. அவர் நீதிமன்றம் வரை போய், அந்தப் பிரிவு மாறிவிட்டது என்று அங்கே கேட்டுத் திரும்பி வந்தார். இன்றைக்கும் புத்தகத்தை எடுத்தால் என் கை முதலில் பின்னட்டைக்குத்தான் போகிறது.

கூட்டாட்சிச் சட்டத்தில் நம்மவர்களை அதிகம் உறுத்துவது விசா. நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் தொகுப்பைப் பிரதிநிதிகள் அவையின் சட்டத் திருத்த அலுவலகம் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. குடியேற்றச் சட்டம் அதில் 8ஆம் தொகுதி. மசோதாவின் பயணத்தைப் பார்க்க, நாடாளுமன்ற நூலகம் நடத்தும் 'காங்கிரஸ் டாட் கவ்' தளம் உண்டு. ஆனால் அன்றாட வாழ்வைத் தொடும் நுணுக்கங்கள் பெரும்பாலும் சட்டத்தில் இருப்பதில்லை. அச்சட்டத்தின் கீழ் துறைகள் வகுக்கும் ஒழுங்குமுறை விதிகளில் இருக்கின்றன. அவற்றை 'இ-சிஎஃப்ஆர்' என்ற தளத்தில் படிக்கலாம்.

எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால் 60 நாள் அவகாசம் உண்டு என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். அது இருக்குமிடம் இந்த ஒழுங்குமுறை விதிகளின் 8ஆம் தொகுதி, 214.1ஆம் விதியின் எல் உட்பிரிவு. அங்கே உள்ளது '60 நாள்' என்ற வெறும் எண் அன்று: 60 நாள் வரை, அல்லது அனுமதிக்கப்பட்ட காலம் முடியும் நாள் வரை, இவற்றில் எது குறைவோ அது. அனுமதிக் காலம் இன்னும் 20 நாளில் முடிகிறது என்றால் கையில் இருப்பது 20 நாள்தான். ஓர் அனுமதிக் காலத்துக்குள் ஒரு முறைதான் இது கிடைக்கும். துறை தன் விருப்புரிமையால் இதைக் குறைக்கவும் செய்யலாம். விதிகளின் அடியில் அவை அரசிதழில் வெளியான தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தேதியும் இருக்கும். இந்த விதி 2016 நவம்பர் 18 அன்று அரசிதழில் வெளியாகி, 2017 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த அரசிதழ்ப் பக்கத்தையும் இலவசமாகத் திறந்தால், விதிக்கு முன்னால் நீண்ட முன்னுரை இருக்கும். பொதுமக்கள் எழுப்பிய கேள்விகளுக்குத் துறையே அளித்த பதில்கள் அதில் இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று குழம்பினால், எந்த யூடியூப் காணொளிக்கும் முன்னால் நான் அனுப்பிவைக்கும் இடம் அதுவே. இ-சிஎஃப்ஆர் அன்றாடம் புதுப்பிக்கப்பட்டாலும் சட்டப்படியான அதிகாரபூர்வப் பதிப்பு அன்று. அதிகாரபூர்வமான ஆண்டுப் பதிப்பு அரசு வெளியீட்டு அலுவலகத்தின் 'கவ்இன்ஃபோ' தளத்தில் கிடைக்கிறது.

தீர்ப்புகளைத் தேடுவது சற்றே வழுக்கலான இடம். கூகுள் ஸ்காலரில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்புகளையும் படிக்கலாம். கோர்ட்லிசனர், ஜஸ்டியா ஆகியவையும் நல்லவை. ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் ஏறத்தாழ 4 கோடிப் பக்கங்களை வருடி எடுத்து உருவாக்கிய தீர்ப்புத் தொகுப்பு, 2024 முதல் கட்டுப்பாடின்றிக் கிடைக்கிறது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்கு ஆவணங்களுக்கான 'பேசர்' தளம் பக்கத்துக்கு 10 சென்ட் கேட்டாலும், மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணம் இல்லை. தீர்ப்புரைகளுக்கு எப்போதுமே கட்டணம் இல்லை.

ஆனால் கிடைத்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை இந்தத் தளங்கள் நம்பத்தக்க முறையில் சொல்வதில்லை. பின்னால் வந்த தீர்ப்பு ஒன்று அதைச் செல்லாததாக்கியிருக்கலாம். அதைச் சரிபார்க்கும் வெஸ்ட்லாவின் கீசைட், லெக்சிஸின் ஷெப்பர்ட்ஸ் போன்றவை வழக்கறிஞர் அலுவலகங்கள் பெருந்தொகை கட்டிப் பயன்படுத்துபவை. பல கவுன்டி சட்ட நூலகங்களில் பொதுக் கணினியில் அவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்குப் பெரும்பாலும் நேரில் வர வேண்டும்.

கலிஃபோர்னியாவுக்கே உரிய பொறி இன்னொன்று உண்டு. இங்குள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் பெரும்பகுதியின் முதல் பக்கத்திலேயே, அதிகாரபூர்வத் தொகுப்பில் வெளியிடுவதற்கு உரியதன்று என்று முத்திரை இருக்கும். நீதிமன்ற விதி 8.1115இன்படி, மிகச் சில விலக்குகள் தவிர, அத்தகைய தீர்ப்பை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டக்கூடாது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களிலோ 2007 ஜனவரி 1 முதல் வந்த, வெளியிடப்படாத கூட்டாட்சித் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவதற்குத் தடை விதிக்க முடியாது. தன் கதையை அப்படியே சொல்லும் தீர்ப்பு கிடைத்த மகிழ்ச்சியில் வருபவரிடம் அந்த முத்திரையைச் சுட்டிக்காட்டுவது எனக்கு எப்போதும் சங்கடமான நேரம்.

அண்மைக்காலமாக இன்னொரு வகைத் தாளும் மேசைக்கு வருகிறது: செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்த தீர்ப்புப் பட்டியல். 2023இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாகப் படைத்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தொகுதி எண், பக்க எண் இரண்டையும் வைத்துத் தேடி, அந்தப் பக்கத்தில் அந்த வழக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு தாளில் இருந்த ஐந்தில் மூன்று வழக்குகள் எங்கேயும் இல்லை என்பதை அதைக் கொண்டுவந்தவரோடு சேர்ந்தே நான் கண்டிருக்கிறேன்.

சட்டம் யாருக்கும் சொந்தமன்று என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லி வருகிறது. 2020இல் ஜார்ஜியா மாநிலத்தின் வழக்கில், சட்டமன்றம் தன் பணியின் பகுதியாக உருவாக்கும் விளக்கக் குறிப்புகளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தனியார் பதிப்பகங்கள் தாமே எழுதும் விளக்க நூல்கள் வேறு; அவற்றுக்கு விலை உண்டு, அந்த விலை சிறிதன்று. அவற்றுக்காகத்தான் கவுன்டி சட்ட நூலகங்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் 58 கவுன்டிகளுக்கும் இதற்கென மாநிலச் சட்டம் உண்டு. கவுன்டியில் வசிக்கும் எவரும் அங்கே போய்ப் படிக்கலாம். சிவில் வழக்குப் பதிவுக் கட்டணத்தின் ஒரு பகுதிதான் இவற்றின் முக்கிய வருவாய் என்பதால், வழக்குப் போட்டவர்கள் ஏற்கெனவே இதற்குப் பணம் கொடுத்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

அந்தத் தம்பதியர் அன்று வழக்கு எண்ணத்தை விட்டுவிட்டாலும் 1950.5ஆம் பிரிவை முழுவதுமாக அச்செடுத்துக்கொண்டனர். வீட்டைக் காலி செய்த 21 நாளுக்குள் டெபாசிட்டையும் பிடித்தங்களின் விவரப் பட்டியலையும் தர வேண்டும் என்பதும், பழுதுபார்ப்புக்கும் சுத்தம் செய்வதற்கும் பிடித்த தொகை 125 டாலரைத் தாண்டினால் ரசீது காட்ட வேண்டும் என்பதும், தீய நோக்கத்தோடு பணத்தை வைத்துக்கொண்டால் டெபாசிட்டைப் போல் இரு மடங்கு வரை கூடுதலாகக் கேட்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அந்தப் பெண் அந்த மூன்று இடங்களையும் பென்சிலால் கோடிட்டுவிட்டு, அச்செடுத்த தேதியைத் தாளின் மூலையில் எழுதிக்கொண்டார்.