தொகுதியா, தேர்தல் மாவட்டமா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டப்பேரவைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தனுப்பும் நிலப்பரப்பை அம்மாநிலச் சட்டம் ‘எலக்டோரல் டிஸ்ட்ரிக்ட்’ என்று குறிக்கிறது. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தேர்தல் மாவட்டம்’ என்று எழுதினால், அகராதிப்படி பிழை ஏதும் தெரியாது. ஆனால் படிப்பவர் மனத்தில் எழும் பொருள் வேறாகிவிடும்.

சிட்னியில் வாழும் தமிழர்களில் பலர் இலங்கையை வேராகக் கொண்டவர்கள். அவர்களுக்குத் ‘தேர்தல் மாவட்டம்’ என்பது புதிய தொடர் அன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி விகிதாசார முறையில் பல உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் 22 பெரும் பரப்புகளுக்கு அங்கே அதுவே பெயர். யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமாகவும், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகவும் அமைந்துள்ளன. நியூ சவுத் வேல்ஸ் பேரவையின் 93 பரப்புகளோ ஒவ்வொன்றும் ஓர் உறுப்பினருக்கு உரியவை. அங்கும் 1920 முதல் 1927 வரை பல உறுப்பினர் முறை இருந்ததுண்டு. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுபவர் வேண்டுமானால் இத்தொடரைக் கையாளலாம். தமிழ்நாட்டு வாசகருக்கோ மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். முன்பு ஜில்லா என்று வழங்கியது அது.

ஆகவே பொருத்தமான சொல் ‘தொகுதி’ என்பதே. ‘தொகு’ என்னும் வினையடியோடு ‘தி’ என்னும் ஈறு சேர்ந்து, தகு, மிகு என்பவற்றிலிருந்து தகுதி, மிகுதி பிறந்தது போலவே, பிறந்த சொல் இது. எட்டுத்தொகையில் உள்ள ‘தொகை’யும் இதே அடியினது. கதைத் தொகுதி, நூல் தொகுதி என்று திரட்டப்பட்டவற்றைக் குறித்த சொல், ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சேர்த்து வைக்கப்பட்ட மக்களையும் அவர்கள் வாழும் இடத்தையும் குறிக்கலாயிற்று. ஆஸ்திரேலியர் பேச்சில் வழங்கும் ‘எலக்டரேட்’ என்ற சொல்லும் வாக்காளர் திரளையும் அவர்கள் வாழும் பரப்பையும் ஒருசேரச் சுட்டுவதுதான். கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் கீழவைக்கான பரப்புகளுக்கு அந்நாட்டுச் சட்டம் ‘டிவிஷன்’, அதாவது பிரிவு, என்று பெயரிட்டிருக்கிறது. ஆங்கிலம் நாட்டைப் பிரிப்பதைப் பார்க்கிறது, தமிழ் மக்களைத் தொகுப்பதைப் பார்க்கிறது. எனக்குத் தமிழின் பார்வையே பிடித்திருக்கிறது. ‘சீட்’ என்பது வேறு: அது பேரவையில் கிடைக்கும் இடம். இலங்கைத் தமிழில் அதனை ஆசனம் என்பர்.

தொகுதி என்பது ஊர் அன்று என்பதற்குச் சிட்னி மையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேற்கே உள்ள டூங்காபி நல்ல சான்று. 1791இல் அரசுப் பண்ணை அமைந்த பழைய குடியிருப்பு அது. இன்று தமிழர்களும் கணிசமாக வாழ்கிறார்கள். அவ்வட்டாரத்தின் பெரும்பகுதி முன்பு வென்ட்வர்த்வில் தொகுதி என்ற பெயரில் இருந்தது. 2007இல் அதன் இடத்தில் டூங்காபித் தொகுதி வந்தது. அதன் உறுப்பினர் நேதன் ரீஸ் 2008 செப்டம்பர் முதல் 2009 டிசம்பர் வரை மாநில முதல்வராகவும் இருந்தார். 2015இல் அத்தொகுதியும் நீக்கப்பட்டுச் செவன் ஹில்ஸ் என்ற தொகுதி உருவாயிற்று; 2023 தேர்தலில் அதுவும் போய் வின்ஸ்டன் ஹில்ஸ் வந்தது. டூங்காபி என்னும் ஊர் நகரவில்லை. அதனைச் சுற்றி வரைந்த கோடும் அக்கோட்டின் பெயருமே மாறின. வாக்காளர் எண்ணிக்கை தொகுதிக்குத் தொகுதி பத்து விழுக்காட்டுக்கு மேல் சராசரியிலிருந்து விலகக் கூடாது என்ற விதியால் எல்லைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. இத்திருத்தத்தைத் தமிழ்நாட்டு வழக்கில் ‘தொகுதி மறுவரையறை’ எனலாம். (செவன் ஹில்ஸை ‘ஏழுமலை’ என்று பெயர்த்தால் வாசகர் திருப்பதிக்குப் போய்விடுவார். இடப்பெயர்களை ஒலிபெயர்ப்பதே நன்று.)

இத்தகைய தொகுதிகளைப் ‘புறநகர்த் தொகுதி’ என்று அழைப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. நகருக்குப் புறத்தே இருப்பது புறநகர். மதுரைக் கோட்டைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் தங்கிய இடத்தைச் சிலப்பதிகாரம் ‘புறஞ்சேரி’ என்கிறது. புறம் என்ற சொல்லின் ஆட்சி அத்துணைப் பழையது. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் ‘சபர்ப்’ என்பது பெயரும் எல்லையும் கொண்ட எந்தக் குடியிருப்பையும் குறிக்கும். நகரின் நடுவே இருந்தாலும் அது சபர்ப்தான். ஆகவே டூங்காபிக்குப் புறநகர் என்பது பொருந்தும். மத்திய நகரை ஒட்டிய சரி ஹில்ஸுக்கு அது பொருந்தாது. ‘நகர்ப்பகுதி’ என்றோ, வெறுமனே ‘பகுதி’ என்றோ எழுதலாம். பகுதிகள் பல சேர்ந்தால் தொகுதி என்று சொல்லும்போது, பகு, தொகு என்ற இரண்டு வினைகளும் தத்தம் வேலையைச் செய்கின்றன.

நியூ சவுத் வேல்ஸின் மேலவையைப் பற்றி எழுதும்போது மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். 42 உறுப்பினர் கொண்ட அவ்வவைக்கு உட்பிரிவுகள் கிடையா. அங்கே மாநிலம் முழுவதுமே ஒரு தொகுதி.