ஹேக்கில் உங்கள் பெயரில் கேஸ் எதுவும் இல்லை

"கேஸ் நம்பர் எப்ப வரும் சேர்?" என்று கேட்டார் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த ஓர் அம்மா. 2009 மே மாதம் இலங்கை ராணுவத்திடம் கையளித்த மகனைப் பற்றி அவருக்கு இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கையில் ஒரு முத்திரைத்தாள் வைத்திருந்தார். மேலே சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் பெயரை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அடித்து, கீழே நோட்டரி முத்திரை வைத்திருந்தது. அங்கே கேஸ் போட்டுத் தருவதாகச் சொன்ன ஓர் ஏஜெண்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்திருக்கிறார். பணம் போனது ஒரு பக்கம். மகனைப் பற்றிய அசல் காகிதங்கள் அத்தனையையும் அந்த ஆள் வாங்கிக்கொண்டு போய்விட்டான். ராமநாதபுரத்தில் வழக்கறிஞர் தொழில் செய்யும் எனக்கு இப்படிப் பலரைப் பார்த்தாகிவிட்டது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் முக்கியமாக இரண்டு சர்வதேச நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒன்று சர்வதேச நீதிமன்றம். அங்கே நாட்டின் மீது நாடுதான் வழக்குப் போடலாம். நீங்களோ நானோ போட முடியாது. இன்னொன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அது 1998 ரோம் உடன்படிக்கையால் உருவானது, 2002 ஜூலை 1-க்குப் பிந்தைய குற்றங்களை மட்டுமே விசாரிக்கும். அந்த உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. சேராத நாட்டு மண்ணில் அந்நாட்டவர் செய்த குற்றத்தை விசாரிக்க வேண்டுமானால் ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும், அல்லது அந்த நாடே ஒப்புக்கொள்ள வேண்டும். சூடானின் டார்ஃபூர் விவகாரம் 2005-ல் அப்படித்தான் பாதுகாப்புச் சபை வழியாகப் போனது.

"ரோஹிங்கியாக்களுக்கு மட்டும் எப்படி நடந்தது?" என்று கேட்பீர்கள். ஏஜெண்டுகள் சொல்லிக் கொடுக்கும் கேள்வி இது. அவர்களைத் துரத்திய மியான்மர் உறுப்பு நாடு இல்லைதான். ஆனால் துரத்தப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த வங்கதேசம் உறுப்பு நாடு. எல்லை தாண்டித் துரத்திய குற்றத்தின் ஒரு பகுதி அந்த மண்ணில் நடந்தது என்பதால் 2019-ல் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. நீங்கள் வந்திறங்கிய அரிச்சல்முனை இந்திய மண். அந்த வாதம் இங்கே நிற்காது.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு யார் வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. கடிதம் கிடைத்தது என்று அவர்கள் அனுப்பும் பதிலைத்தான் சிலர் "கேஸ் எடுத்தாச்சு" என்று காட்டி அடுத்த தவணை கேட்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்படியென்றால் எதுவுமே நடக்காதா? நடக்கும், மெதுவாக, வேறு நாடுகளின் நீதிமன்றங்கள் வழியாக. சிரியாவின் சிறையில் நடந்த சித்திரவதைக்காக அன்வர் ரஸ்லான் என்ற முன்னாள் உளவு அதிகாரிக்கு 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அங்கே சாட்சி சொன்னவர்களில் பலர் அகதிகள். இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்க, ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 2021-ம் ஆண்டு 46/1 தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் ஒரு தனிப் பிரிவே இயங்குகிறது. அது நீதிமன்றம் அல்ல. ஆனால் ஏதாவது ஒரு நாட்டில் வழக்கு வந்தால் அந்த ஆதாரம் கைகொடுக்கும். உங்களிடம் இருக்கும் காகிதமும் போட்டோவும் இதனால்தான் முக்கியம்.

அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், எனக்கும் வேண்டாம். நகல் போதும். போட்டோவின் பின்பக்கத்தையும் சேர்த்து நகல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். லேமினேட் செய்யாதீர்கள். செய்துவிட்டால் அப்புறம் மையையும் தாளையும் நிபுணர் பரிசோதிப்பது பெரும்பாடு. இந்த உப்புக்காற்றில் குண்டூசி துருப்பிடித்துக் கையெழுத்தையே தின்றுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஊசியைக் கழற்றிவிட்டுக் கவரில் போடுங்கள்.

வீடியோ இருந்தால் பழைய போனையும் மெமரி கார்டையும் அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் போய்விடும். சோகப் பாட்டுச் சேர்த்து வெட்டி ஒட்டியதை எந்த நீதிமன்றத்தில் நான் காட்டுவது? (இந்திய நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்றோம், இப்போது புதிய பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு. சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பே, அதாவது கோப்பை மாற்றினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டையே, கேட்கிறார்கள்.)

கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குமூலம் கொடுக்காதீர்கள். பத்துப் பேரிடம் பத்து விதமாகப் பதிவானால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த முரண்பாடுகளை வைத்தே உங்களைப் பொய் சாட்சி ஆக்கிவிடுவார். நினைவிருப்பதை ஒருமுறை உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு வையுங்கள். கண்ணால் பார்த்தது வேறு, பிறர் சொல்லிக் கேட்டது வேறு, பிரித்து எழுதுங்கள். இலங்கையின் வன்னியில் இன்னும் சொந்தங்கள் இருந்தால் அவர்கள் பெயரை முகநூலில் போடவே போடாதீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கென ஐ.நா.வில் 1980 முதல் ஒரு செயற்குழு இருக்கிறது. குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். மோசடிப் புகார் எழுதவும் அசலை மீட்கவும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச உதவி உண்டு. ஏஜெண்டின் போன் நம்பர், பணம் கொடுத்த ரசீது, அவன் அனுப்பிய குரல் பதிவுகள் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.