ஜாயிண்ட் இல்: சொல்லும் நோயும்

பிரிட்டனில் செம்மறி வளர்ப்பவர்கள் 'ஜாயிண்ட் இல்' என்று சொல்லும் நோய் பெரும்பாலும் பிறந்து 5 முதல் 10 நாளான குட்டிகளுக்கு வருகிறது. பாக்டீரியா இரத்தத்தில் புகுந்து, அங்கிருந்து மூட்டுகளில் போய்த் தங்கிவிடும். முன்னங்கால் முட்டி, பின்னங்கால் கணு, குளம்புக்கு மேலுள்ள மூட்டு இவைதான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. சில குட்டிகளுக்கு ஒரே மூட்டு, சிலவற்றுக்கு ஒரே சமயத்தில் மூன்று நான்கு.

'ஜாயிண்ட்' என்ற சொல், 'சேர்த்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் 'மூட்டு' என்பதும் அப்படித்தான். மூட்டுதல் என்றால் பொருத்துதல், இணைத்துத் தைத்தல். 'இல்' என்பது பழைய நார்ஸ் மொழிச் சொல். 'கெட்டது' என்று பொருள். இந்த நோயை முன்பு 'கெடுதி' என்ற பொருள்பட 'ஜாயிண்ட் ஈவில்' என்றும் சொல்லியிருக்கிறார்கள். கால்நடை நோய்ப் பெயர்களில் 'இல்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொப்புளில் வந்தால் 'நேவல் இல்'. உண்ணி பரப்பும் ஒரு வைரஸ் நோய்க்கு 'லூப்பிங் இல்' என்று பெயர். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'லூப்' என்றால் துள்ளு. அதைக் கேட்டதும் நம் ஊர் ஆடுகளுக்கு வரும் துள்ளுமாரி நினைவுக்கு வரும். பெயர்தான் ஒத்துப்போகிறது, நோய் வேறு. துள்ளுமாரி குடலில் பெருகும் பாக்டீரியாவின் நஞ்சால் வருவது.

மருத்துவர்கள் எழுதும் 'ஆர்த்ரைட்டிஸ்' கிரேக்கச் சொல். 'ஆர்த்ரோன்' என்றால் மூட்டு. 'ஐட்டிஸ்' என்ற விகுதிக்கு இன்று அழற்சி என்று பொருள் கொள்கிறோம். ஆனால் கிரேக்கத்தில் அது வெறும் 'அதைச் சார்ந்த' என்ற பெயரடைதான். அதன் பின்னால் 'நோய்' என்ற சொல் மறைந்து நின்றது. ஆக, ஆர்த்ரைட்டிஸ் என்றால் 'மூட்டைச் சார்ந்த நோய்'. ஆட்டுக்காரர் சொல்லும் ஜாயிண்ட் இல்லும் கிட்டத்தட்ட அதேதான்!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் வாயில் வருவது 'மூட்டு வீக்கம்'. இதை நான் ஏற்கமாட்டேன். தொடக்கத்தில் இந்த நோயில் வீக்கமே இருக்காமல் போகலாம். குட்டி எழுந்திருக்கத் தாமதிக்கும், தாயின் பின்னால் போகாமல் தங்கிவிடும், ஒரு காலை ஊன்றாது; கையால் தடவினால் மூட்டு சாதாரணமாகவே தெரியும். ஒரு பக்கத்து மூட்டையும் மறுபக்கத்து மூட்டையும் மாறி மாறி அழுத்தி, சூடும் வலியும் எதில் அதிகம் என்று ஒப்பிட்டால்தான் பிடிபடும். கண்ணுக்குத் தெரியும் அளவு வீங்கும்போது மூட்டின் உள்ளே சேதம் கூடியிருக்கும். பெனிசிலின் நன்றாக வேலை செய்வதும் ஆரம்பத்தில்தான். வீக்கத்தையே பெயராக வைத்தால், வீங்கட்டும் என்று காத்திருக்கச் சொன்னது போலாகிவிடும்.

'கீல்வாதம்' பழகிய சொல். கீல் என்றாலும் மூட்டுதான். ஆனால் அது வாதக் கணக்கில் பேசும் சித்த மருத்துவச் சொல். கேட்பவருக்கு வயதானவரின் முழங்கால்தான் கண்ணில் வரும். கிருமி என்ற நினைப்பே எழாது.

'தொப்புள் நோய்' என்பதும் பாதிதான் சரி. ஈரத் தொப்புள்கொடி கிருமிக்கு ஒரு வாசல், அதனால்தான் பிறந்தவுடன் அயோடினில் நனைக்கிறார்கள். ஆனால் பிரிட்டனில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் டிஸ்கலாக்டியே என்னும் பாக்டீரியா, தொப்புளை ஒழுங்காகக் கவனித்த பட்டிகளிலும் வருகிறது. ஈற்று நேரத்தில் தாயிடமிருந்தும், வைக்கோல் படுக்கையிலிருந்தும், காதில் அடையாளத் தோடு மாட்டிய புண் வழியாகவும் தொற்றலாம். பெயரைப் பாருங்கள்: 'டிஸ்' கேடு, 'கலா' பால். மாட்டு மடிநோயை வைத்து வந்த பெயர், ஆட்டுக்குட்டியின் காலில் வந்து நிற்கிறது.

அடுத்து 'சீழ் மூட்டு'. இதை ஒதுக்குவதற்கு முன் மூட்டு நீரைப் பார்க்க வேண்டும். நல்ல மூட்டு நீர் தெளிந்து, வெளிர் மஞ்சளாக, விரலிடையே நூல்போல் இழுபடும். தொற்று வந்தால் கலங்கும், நீர்த்துப்போகும், திப்பிகள் மிதக்கும். மயிரை மழித்து, தோலைச் சுத்தம் செய்து, ஊசியால் உறிஞ்சி, கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். மருந்து போடாத, புதிதாக நொண்டத் தொடங்கிய குட்டியாக இருக்க வேண்டும். இறந்த குட்டி என்றால் மூட்டின் உட்சவ்வையும் சேர்த்து அனுப்புவது நல்லது, கிருமி அங்கே ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று மாதக் குட்டிகளில் வேறொரு பாக்டீரியா, எரிசிபெலோத்ரிக்ஸ், மூட்டைப் பிடிக்கிறது. அதில் பெரும்பாலும் சீழும் இராது, பெரிய வீக்கமும் இராது; குட்டி விறைத்து நடக்கும், இளைக்கும். அப்படிப்பட்ட குட்டிக்குச் 'சீழ் மூட்டு' என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

எனவே என் தேர்வு 'தொற்று மூட்டழற்சி'. அழல் என்றால் தீ. 'இன்ஃபிளமேஷன்' என்பதன் நடுவிலும் தீதான் இருக்கிறது. பல மூட்டுகளில் இருந்தால் 'பன்மூட்டழற்சி'. ஆட்டுக்காரர்களோடு பேசும்போது 'குட்டிக்கு மூட்டு நோய்' போதும். கூடவே வயதையும் சொல்லிவிட்டால் கால்நடை மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

'தொற்று' என்ற அடையைச் சும்மா போடவில்லை. நொண்டும் குட்டியெல்லாம் இந்தக் கணக்கில் வராது. செலினியம், வைட்டமின் ஈ குறைந்தால் தசை வெளுத்து நடை விறைக்கும். தாமிரம் குறைந்த தாய்க்குப் பிறந்த குட்டிக்குப் பின்புறம் தள்ளாடும். எலும்பு முறிவும், முதுகெலும்பில் சீழ்க்கட்டியும்கூடக் காலைத்தான் முதலில் காட்டும். இவற்றில் மூட்டு நீர் தெளிவாகவே இருக்கும். நாள்பட்ட மூட்டிலிருந்து எடுத்த மாதிரியில் 'கிருமி வளரவில்லை' என்று முடிவு வருவதும் வழக்கம். உயிருள்ள கிருமி அழிந்த பிறகும் அழற்சி தொடரலாம், அல்லது முன்பே போட்ட மருந்து கிருமியை மறைத்திருக்கலாம். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துப் பெயரிலிருந்து 'தொற்று' என்பதை எடுத்துவிடக் கூடாது. அதே கூட்டத்தில் புதிதாக நொண்டும் இன்னொரு குட்டியின் மாதிரியை அனுப்பிப் பார்க்க வேண்டும்.