ஊழியத்துக்குப் போய் வந்த பிறகு வரும் காய்ச்சல்

“சமீபத்துல வெளியூர் எங்கயாவது போய்ட்டு வந்தாங்களா?” என்று கேட்டேன். “இல்லை டாக்டரம்மா, பத்து நாளா வீட்லதான் இருக்காங்க” என்றார், காய்ச்சலோடு வந்தவரின் மனைவி. அவர் பொய் சொல்லவில்லை. கணவர் பத்து நாளாக வீட்டில்தான் இருந்தார். அதற்கு முந்தைய பன்னிரண்டு நாள் உகாண்டாவில் இருந்தார், கிறிஸ்தவ சபையிலிருந்து கிளம்பிய எட்டுப் பேர் குழுவோடு. அவர்கள் மனதில் அது வெளியூர்ப் பயணம் இல்லை, ஊழியம். அதனால் என் கேள்விக்குள் அது வரவே இல்லை.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோதுதான் கவனித்தேன். கறுப்பு, மஞ்சள், சிவப்பு மணிகள் கோத்த ஒரு காப்பு. நம் ஊர்த் திருவிழாக் கடையில் கிடைக்கிற மாதிரி இல்லை. “இது என்னங்க?” என்றேன். “அங்க ஸ்கூல் பிள்ளைங்க போட்டு விட்டுச்சாம்” என்றார். எங்கே என்று கேட்டபோதுதான் உகாண்டா வெளியே வந்தது.

காய்ச்சல் தொடங்கி அன்றோடு நாலாவது நாள். முதல் நாள் மருந்துக் கடையில் சொல்லி பாராசிட்டமால். இரண்டாவது நாள் ஒரு லேபில் வைடால் பாசிட்டிவ் என்று வந்ததால் டைஃபாய்டு என்று ஆன்டிபயாட்டிக். மூன்றாவது நாள் தட்டணுக்கள் குறைந்திருந்தன, உடனே டெங்கு பயம், பப்பாளி இலைச் சாறு. நாலாவது நாள் என்னிடம் வந்தபோது கண் மஞ்சள், சிறுநீர் காபி நிறம், பேச்சு குழறியது, என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் எங்கள் தெருக்காரர். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா கார்டில் விட்டால் பதினைந்து இருபது நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். தெரிந்தது. ஃபால்சிபாரம், மலேரியாவில் மிக ஆபத்தான வகை. ஆர்டிசுனேட் ஊசியின் முதல் டோஸை இங்கேயே போட்டு மதுரைக்கு அனுப்பினோம், சுமார் 90 கிலோமீட்டர், ஆம்புலன்ஸில். சிறுநீரகம் அடிவாங்கி இரண்டு முறை டயாலிசிஸ் ஆனது. பிழைத்துவிட்டார். அவரும் மனைவியும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன், ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்த நாலு நாளில் அவரைப் பார்த்த யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்றுதான் யாருக்கும் மனது ஓடும். மலேரியாவிலும் தட்டணு குறையும். வைடால் டெஸ்ட் வேறு காய்ச்சல்களிலும் பாசிட்டிவ் காட்டும். ‘உகாண்டா போய் வந்தேன்’ என்ற மூன்று வார்த்தை முதல் நாளே வெளியே வந்திருந்தால் அத்தனையும் மாறியிருக்கும்.

இந்த மண்ணிலிருந்து கடல் கடந்து போவது புதிதா என்ன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் ஒரு கணக்கு என்று மூன்று வருடம் இருந்துவிட்டு வருவார்கள், வந்தால் ஊருக்கே தெரியும். இப்போது பள்ளி லீவில் கிளம்பி லீவு முடிவதற்குள் திரும்பி வந்துவிடுகிறோம். அடுத்த தெருவில் இருக்கும் டாக்டருக்குத் தெரிவதில்லை, சில சமயம் வீட்டுக்காரர்களுக்கே அது பெரிய விஷயமாகப் படுவதில்லை. குறுகிய காலப் பயணத்தில் எனக்கு இருக்கிற பெரிய கவலை இதுதான்.

சரி, அவர் மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடவில்லையா? சாப்பிட்டார். குழுவில் எல்லோருக்கும் டாக்ஸிசைக்ளின் கொடுத்திருந்தார்கள். விமானம் சென்னையில் இறங்கிய அன்றே நிறுத்திவிட்டார், ஊருக்கு வந்தாச்சே, இனி எதற்கு என்று. அங்கேதான் தப்பு. கடைசி நாள் ராத்திரி கடித்த கொசு விட்ட கிருமி முதலில் ஈரலுக்குப் போய் ஏறக்குறைய ஒரு வாரம் பதுங்கியிருக்கும், அப்புறம்தான் ரத்தத்தில் இறங்கும். டாக்ஸிசைக்ளின் ரத்தத்தில் இறங்கும் கிருமியைத்தான் பிடிக்கும். அதனால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, அங்கே இருக்கும் எல்லா நாளும், திரும்பி வந்து நாலு வாரமும் சாப்பிட வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் வந்தபின் ஏழு நாள் போதும், ஆனால் விலை அதிகம், நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதும் இல்லை. மெஃப்ளோகுவின் வலிப்பு உள்ளவர்களுக்கும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் ஆகாது. டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது, எட்டுப் பேருக்கும் ஒரே டப்பா வாங்குவது சரியில்லை.

“அங்க இருக்கிறவங்க மாத்திரை சாப்பிட்டா வாழுறாங்க?” என்று ஒரு தம்பி கேட்டான். சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்ப மலேரியா வந்து பிழைத்த பெரியவர்களுக்கு ஓரளவு தாங்கும் சக்தி வந்திருக்கும். அந்தச் சக்தி வருவதற்கு முன்பே அங்கே குழந்தைகள் கூட்டமாகச் சாகிறார்கள், ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்தான். இந்த விஷயத்தில் நம் உடம்பும் அந்தக் குழந்தை உடம்பு மாதிரிதான்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யாரும் மறப்பதில்லை, விசாவுக்கே கேட்கிறார்கள் என்பதால். ஆனாலும் கடைசி வாரத்தில் ஓடி வருகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும். நான் போட முடியாது, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள், முன்கூட்டியே தேதி வாங்க வேண்டும், இங்கிருந்து பல்லவன் ரயிலில் போனாலும் ஒரு ராத்திரி தங்கத் தயாராகப் போங்கள். 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். சான்றிதழ் இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். அறுபது தாண்டியவர்கள், முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் தேதி வாங்க வேண்டும். குழு முடிவானதுமே, ஆறு வாரம் முன்பே வாருங்கள்.

அப்புறம் அந்த சூட்கேஸ். ஒவ்வொரு முறையும் யாராவது வந்து, “டாக்டரம்மா, மருந்து கம்பெனி ரெப் கொடுத்த சாம்பிள் மருந்து இருந்தா கொடுங்க, அங்க ஏழைங்களுக்கு ஆகும்” என்பார்கள். போன தடவை பெட்டியைத் திறந்தே காட்டினார்கள். ஒரு பக்கம் தேன்குழலும் சீப்புச்சீடையும், மறுபக்கம் கத்தரித்த அட்டைகளில் மாத்திரைகள், பாதிக்கு மேல் எக்ஸ்பைரி தேதி வெட்டுப்பட்ட பக்கத்தில் போயிருந்தது. பலகாரம் கொண்டு போங்கள். மருந்து வேண்டாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மீதி இருக்க வேண்டும், இலவச சாம்பிளும் நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் கூடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உங்களில் யாராவது அங்கே ஊசி போடவோ மருந்து எழுதவோ போகிறார்கள் என்றால் அந்த நாட்டு அனுமதி கையில் இருக்க வேண்டும். இங்கே நம் பிள்ளைக்கு யார் ஊசி போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டோமோ, அவர் அங்கே ஒரு தாயின் பிள்ளைக்குப் போடக்கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

பயணத்தை மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கம் செய்தது தெரிந்துவிடுமோ என்று. நேபாளத்தில் 2018 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம், வெளிநாட்டவரை தண்டனைக்குப் பிறகு நாடு கடத்துவார்கள், ஆகவே பயம் எனக்குப் புரிகிறது. கிளம்பும் முன் பாஸ்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. ஆனால் காய்ச்சலோடு என் முன் உட்காரும்போது நாட்டின் பெயரைச் சொல்லிவிடுங்கள். எனக்கு விசா தேவையில்லை, எந்த ஊரில் எத்தனை நாள் என்பதுதான் தேவை. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று மாத்திரையைத் தள்ளி வைக்கிறவர்களிடம் நான் பைபிளில் வரும் துரோப்பீமுவைப் பற்றிச் சொல்வேன். எத்தனையோ பேரைக் குணமாக்கின பவுலே, கூட ஊழியம் செய்த அவரை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டுத்தான் வந்தார். நானும் ஜெபித்துவிட்டுத்தான் கிளினிக்கைத் திறக்கிறேன்.

வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் பயணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

உகாண்டா போய்வந்து பிழைத்த அந்த அண்ணன்தான் இப்போது சபையில் மாத்திரைக் கணக்குப் பார்க்கிறார். போன வாரம் அடுத்த குழுவில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார், டாக்ஸிசைக்ளின் ஒத்துக்கொள்ளும் ஆறு பேர். போகும் முன் 2, அங்கே 12, வந்தபின் 28, ஆளுக்கு 42. ஆறு சீட்டு எழுதிக் கொடுத்தேன். கூட வந்த அவர் மனைவி, அந்த ஆறு வீட்டுப் பெண்களின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருக்கிறார், கடைசி இருபத்தெட்டு நாளும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிட்டுக் கேட்பதற்கு.