வெட்டச் சொல்லாதீர்கள், வகுக்கச் சொல்லுங்கள்

கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். போன கிழமை தரம் 9 தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 8/24 ஐ எளிய வடிவில் எழுதச் சொன்ன கேள்விக்கு ஒரு பிள்ளை 0/3 என்று எழுதியிருந்தாள். அந்தக் கட்டில் இப்படி எழுதிய ஐந்தாவது பிள்ளை அவள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "எட்டை வெட்டிட்டன் டீச்சர். வெட்டினா ஒண்டும் இல்லைத்தானே?" என்றாள்.

அவளில் என்ன பிழை? வெட்டு, வெட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நாங்கள். மரத்தை வெட்டினால் அந்த இடத்தில் மரம் இல்லை. பிள்ளைக்குத் தெரிந்த வெட்டு அதுதான். இங்கே நடப்பதோ வகுத்தல். தொகுதியை எட்டால் வகுத்தால் 1, பகுதியை எட்டால் வகுத்தால் 3. விடை 1/3.

இதைவிடப் பொல்லாதது இலக்கத்தை வெட்டுவது. 16/64 இல் இரண்டு 6 ஐயும் வெட்டினால் 1/4 வரும், அது சரியான விடையும்கூட. 19/95 இல் 9 ஐ வெட்டினால் 1/5, அதுவும் சரி. தற்செயலாகப் பொருந்திய இரண்டு கணக்கு போதும், பிள்ளை அதை விதியாக்கிவிடும். பிறகு 13/35 இல் 3 ஐ வெட்டி 1/5 என்று எழுதும். 13 க்கும் 35 க்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லை, அது அப்படியேதான் இருக்க வேண்டும். (5+10)/(5+20) இல் ஐந்தை வெட்டி 1/2 என்பதும் இதே நோய்தான். கூட்டிப் பாருங்கள்: 15/25, அதாவது 3/5. கூட்டலில் நிற்கும் எண்ணைத் தனியே பிடித்து வெட்ட முடியாது. இதை இப்போது திருத்தாவிட்டால் அட்சரகணிதப் பின்னத்தில் பிள்ளை முழுதாக விழும்.

அடுத்தது 'சுருக்குக' என்ற சொல். சுருக்கினால் பெறுமானமும் குறைந்துவிடும் என்று நினைக்கிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து நாலாக மடித்து, மூன்று பங்குக்கு நிறம் தீட்டச் சொல்லுங்கள். பிறகு அதையே எட்டாக, பதினாறாக மடிக்கட்டும். 3/4, 6/8, 12/16 என்று பெயர் மாறும், நிறம் தீட்டிய இடம் ஓர் இம்மியும் மாறாது. எங்கள் பிள்ளைகளுக்குக் காணிக்கணக்கும் விளங்கும். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அதில் 40 பேர்ச்சைக் கால் ஏக்கர் என்று சொன்னதால் யாருடைய வேலி உள்ளே வந்தது?

51/68 கொடுத்தால் பாதி வகுப்பு "போகாது டீச்சர்" என்று பேனையை வைத்துவிடும். இரண்டு எண்களின் வித்தியாசத்தைப் பார்க்கப் பழக்குங்கள். 68 இலிருந்து 51 போனால் 17. இரண்டையும் வகுக்கும் எண் எதுவோ, அது இந்த 17 ஐயும் வகுத்தே ஆக வேண்டும். 17 ஆல் வகுத்தால் 3/4. பொதுக் காரணிகளுட் பெரியதைக் கண்டுபிடிக்க யூக்கிளிட்டு சொன்ன வழியின் அடி இதுதான், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

84/126 ஐ 42/63 ஆக்கிவிட்டு நிற்பதும் வேண்டாம். இன்னும் மூன்றால் போகும், அப்புறம் ஏழாலும் போகும், 2/3 வரைக்கும் போக வேண்டும். வாய்ப்பாடு தெரியாமல் இது நடக்காது, தினமும் பத்து நிமிடம் சொல்ல விடுங்கள்.

வீட்டில் கேட்டு வா என்று மட்டும் பிள்ளையை அனுப்பாதீர்கள். இந்தப் பெற்றோரில் பலர் 2008, 2009 இடப்பெயர்வில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். ரியூசன் ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பலகையில் கோடு கீறும்போது, "மேலையும் எட்டால வகுக்கிறன், கீழையும் எட்டால வகுக்கிறன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வகுத்து வந்த 1 ஐயும் கோட்டுக்கு மேலே எழுதிவிடுங்கள். அந்த 1 ஐ எழுதாமல் விட்ட இடத்தில்தான் என் பிள்ளை 0 ஐ எழுதினாள்.