சுவிட்ச் = சொடுக்கி. ஏன் இந்த சொல்லுதான் சரின்னு ஒரு விளக்கம்

ஆர்வி, அதாவது உள்ளயே படுக்கை அடுப்பு எல்லாம் வச்ச வண்டிவீடு, அதை வாங்கினவங்க முதல்ல கை வைக்கிற எடம் லைட் சுவிட்சும் கேபினட் கதவும்தான். வண்டி எடை கூடிடக் கூடாதுன்னு ரெண்டையுமே லேசா செஞ்சிருப்பாங்க, கொஞ்ச நாள்லயே சுவிட்ச் லொடலொடன்னு ஆடும், கதவு ஓடுற வண்டியில தானா திறக்கும். நானும் ஒன்னொன்னா மாத்தி மாட்டினவன்தான். மாட்டுறப்ப எல்லாம் ஒரே நெருடல், இதையெல்லாம் தமிழ்ல என்னன்னு சொல்றது? "சுவிட்ச மாத்தினேன்"னு சொன்னா எல்லாருக்கும் புரியும், அதுல தப்பும் இல்ல. ஆனா இதுக்கு ஏற்கனவே மூணு நாலு தமிழ்ச்சொல் இருக்கு, அதுல எது பொருந்துதுன்னு பாக்கணும்ல.

முதல்ல சுவிட்ச் எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம். 16ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலீஷ்ல சுவிட்ச்னா குதிரை ஓட்டுறவன் கையில வச்சிருக்கிற மெல்லிசான, வளையுற குச்சி. டச்சு மாதிரியான பக்கத்து மொழிகள்ல கிளை, சுள்ளின்னு பொருள் தர்ற ஒரு சொல்லுல இருந்து வந்திருக்கலாம்ங்கிறது அகராதிக்காரங்க கருத்து. நம்மகிட்ட இதுக்கு அச்சு அசலா ஒரு சொல் உண்டு, விளார். புளியம் விளார்ல ரெண்டு வச்சாருன்னு சொல்றோமே, அந்த விளார்தான் அவங்க சுவிட்ச். அப்புறம் 18ஆம் நூற்றாண்டு கடைசியில தண்டவாளத்துல வண்டியை ஒரு பாதையில இருந்து இன்னொரு பாதைக்குத் திருப்புற நகரும் துண்டுக்கு அந்தப் பேரு போச்சு, அங்க இருந்து 19ஆம் நூற்றாண்டுல கரண்டை சேத்து பிரிக்கிற கருவிக்கு வந்துச்சு.

இப்ப தமிழ்ப் பக்கம். இலங்கைப் பாடப்புத்தகங்கள்ல சுவிட்சுக்கு ஆளின்னு போடுவாங்க. ஆள்றது ஆளி, கரண்டை ஆளுது, சின்ன சொல், சுத்தமான சொல். சிக்கல் என்னன்னா கோயில் தூண்ல இருக்கிற யாளிக்கும் ஆளின்னு பேரு உண்டு, ஆளிவிதைன்னு ஒன்னு வேற இருக்கு. கலைச்சொல் அகராதிகள்ல நிலைமாற்றின்னு வரும், பொருள் துல்லியம்தான், ஆனா "அந்த நிலைமாற்றியைப் போடு"ன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க, வாய்ல நிக்காது. விசைன்னும் சொல்றது உண்டு, ஆனா அது ஏற்கனவே இயற்பியல்ல ஒரு பொருளையும் தட்டச்சுப் பலகையில ஒரு பொருளையும் சுமந்துக்கிட்டு இருக்கு.

மிச்சம் இருக்கிறது சொடுக்கி. எனக்கு இதுதான் மனசுக்கு ஒத்துப் போச்சு, அதுக்குக் காரணம் இருக்கு. விரலை சொடுக்குறோம், சாட்டையையும் சொடுக்குறோம். சாட்டை! விளார்ல இருந்து கிளம்பின இங்கிலீஷ் சொல்லும் சாட்டைக்குப் பழகின நம்ம சொல்லும், ஒன்னுக்கொன்னு எந்த உறவும் இல்லாம ஒரே எடத்துல வந்து நிக்குது. இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். கம்ப்யூட்டர்ல "இங்கே சொடுக்கவும்"னு வருதேன்னு சிலர் கேப்பாங்க, வரட்டுமே, அதுவும் அதே டக்குன்னு நடக்கிற செயல்தான.

அந்த "டக்"தான் விஷயமே. 1884ல இங்கிலாந்து நியூகாசில்ல இருந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ்ங்கிற இன்ஜினியர் கண்டுபிடிச்சது இதைத்தான், நம்ம கை எவ்வளவு மெதுவா தள்ளினாலும் உள்ள இருக்கிற முனைகள் படக்குன்னு பிரியுற சுவிட்ச். மெதுவா பிரிஞ்சா நடுவுல தீப்பொறி இழுத்துக்கிட்டே நிக்கும், முனை கருகும். ஆக சொடுக்குறதுங்கிறது அந்தக் கருவி உசுரோட இருக்கிறதுக்கான வழி, வெறும் சத்தம் இல்ல.

வண்டிவீட்டுல இது இன்னும் முக்கியம். அங்க லைட்டு, ஃபேன், தண்ணி பம்பு எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி டிசி, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட். வீட்டுக்கு வர்ற ஏசி கரண்ட் திசை மாறி மாறி ஓடுறது, 50 ஹெர்ட்ஸ்ல நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானா அணைய ஒரு வாய்ப்பு கிடைக்கும். டிசியில அந்த இடைவெளியே கிடையாது. அதோட அதே 60 வாட் 230 வோல்ட்ல கால் ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், 12 வோல்ட்ல 5 ஆம்பியர் இழுக்கும். அழகா இருக்கேன்னு வீட்டு சுவிட்ச் ஒன்னை பம்புக்கு மாட்டி வச்சிருந்தேன், சில மாசத்துல மக்கர் பண்ணிச்சு, கழட்டிப் பாத்தா முனை கருப்பா, நடுவுல கடுகு அளவு குழி. சுவிட்ச் முதுகுல டிசின்னு போட்டு எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, எல்இடி லைட்டுக்கு மட்டும்னா இவ்வளவு பயம் வேண்டாம். கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டுங்க, வெளி கரண்ட் பிளக்கையும் பிடுங்கிடுங்க.

கேபினட் கதை சின்னது. பிரெஞ்சுல குட்டி அறைன்னு அர்த்தம், அப்புறம் சாமான் வைக்கிற பெட்டி ஆச்சு, அந்தரங்க அறையில கூடிப் பேசின மந்திரிகளுக்கும் அதே பேரு போச்சு. நாம சொல்ற அலமாரி போர்த்துகீசுல இருந்து வந்தது, நம்ம சொல்லாவே ஆயிடுச்சு, இருக்கட்டும். ஆனா வண்டியில தலைக்கு மேல கூரையை ஒட்டி வர்ற கேபினட்டுக்கு அலமாரின்னா ஒட்டல, அதுக்கு பரண்னு நல்ல சொல் இருக்கு. பரண் கதவு குலுக்கல்ல திறக்காம இருக்க காந்தம் போதாது, பட்டனை அமுக்கினாதான் விடுற மாதிரி பூட்டு வேணும். அதுல வெளிய நீட்டுற நாக்கு நம்ம கதவுத் தாழ்ப்பாளோட அதே நாக்குதான், அது போய் உக்கார்ற எடத்துக்கு நாதாங்கின்னு பேரு. நாவைத் தாங்குறது, வேற விளக்கமே வேண்டாம். நாதாங்கியை மெல்லிசான பிளைவுட்ல நேரா திருகினா ஸ்க்ரூ பிடிக்காம வந்துடும், பின்னால ஒரு சின்ன மரக்கட்டையை ஒட்டி, ஓட்டை போட்டு திருகுங்க.

கடைசியா நான் செஞ்ச வேலை ரெண்டையும் சேக்குறது. பரண் கதவு மூடுற விளிம்புல பட்டாணி அளவு பொத்தான் வச்ச சுவிட்ச் ஒன்னு, கதவு மூடினா அமுங்கும், லைட் அணையும், திறந்தா உள்ள வெளிச்சம். அதுக்கு கதவுச் சொடுக்கின்னு பேரு வச்சிருக்கேன், வண்டியில இருக்கிறவங்க எல்லாரும் இப்ப அப்படித்தான் கூப்பிடுறாங்க.